உப்பு எழும்புகிறதா, ஊர் தாழ்கிறதா?

என் அண்ணன் மகள் திருப்பதியில் நிலவியல் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு சூளூர்பேட்டை வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்: "சித்தப்பா, உப்பும் பாறைதானே? கல்லு எப்படி ஓடும்? 'எடை குறைவு, அதனால் மேலே எழும்புகிறது'ன்னு புத்தகத்துல ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த உப்பு ஒரு பேசினோட வடிவத்தையே மாத்திடும்னு வேற போட்டிருக்கு. நம்ம கடலுக்கு அடியில அது இருக்கா?" (பேசின் என்பது மண்ணும் மணலும் படிந்து நிரம்பும் பெரும் பள்ளம்.)

பூமிக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எடுக்கும் சைஸ்மிக் படங்களைப் படித்துச் சொல்வதுதான் எனக்கு ஓய்வு பெறும் வரை பிழைப்பு. அதில் சில வருடங்கள் முழுக்க உப்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சாப்பிடும்போது அவளிடம் சொன்னது பாதி, விட்டுப்போனது பாதி. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அந்தப் புத்தக வரியை முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முக்கால் தப்பு.

முதலில் உப்பு வந்த வழி. மே மாதத்தில் எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் பழவேற்காடு ஏரி வற்றிக் கிடக்கும். பாளம் பாளமாக வெடித்த சேற்றின் மேல் வெள்ளை பூத்திருக்கும். அவளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இந்த ஏரிக்கும் கடலுக்கும் தொடர்பு முகத்துவாரம் வழியாகத்தான். மணல் மேடிட்டு அந்த வாய் குறுகிவிட்டால், கடல் தண்ணீர் உள்ளே வருவது குறையும். வெயில் குடிப்பது மட்டும் குறையாது. ஏரியின் வடக்குப் பக்கத் தண்ணீர் அப்போது கடலைவிட அதிகமாகக் கரிக்கும். உலகத்தின் பெரிய உப்புப் படுகைகள் எல்லாவற்றுக்கும் இதேதான் வித்து. வாய் குறுகிய கடல், மேலே காயும் வெயில்.

ஆனால் ஒரு தடவை காய்ந்தால் போதாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 1,000 மீட்டர் ஆழமுள்ள கடல் ஒரு சொட்டு விடாமல் வற்றினாலும் தரையில் தங்குவது 16 மீட்டர் அளவுதான். மத்தியதரைக் கடலுக்கு அடியிலோ பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உப்பு கிடக்கிறது. அட்லாண்டிக்கோடு அதற்கிருந்த வாய் சுமார் 59.7 லட்சம் வருடங்களுக்கு முன் அடைபடத் தொடங்கி, 53.3 லட்சம் வருடங்களுக்கு முன் மறுபடி முழுதாகத் திறந்தது. இடைப்பட்ட ஆறு லட்சம் வருடங்களில் தண்ணீர் கசிந்து வந்துகொண்டும் காய்ந்துகொண்டும் இருந்திருக்கிறது. உப்பளக்காரர் பாத்திக்குத் தண்ணீர் விட்டு, காய்ச்சி, மேலும் விடுவது போலத்தான். அவருக்குத் தெரிந்த வரிசையும் இதில் அப்படியே இருக்கும். முதலில் ஜிப்சம் படியும். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மீட்டர் 25 டிகிரி காட்டும் நேரத்தில்தான், சாப்பாட்டு உப்பு விழத் தொடங்கும். பூமிக்குள் துளை போட்டு எடுத்த உப்பு மாதிரிகளிலும் இதே அடுக்கைப் பார்க்கலாம்.

சரி, உப்பு படிந்துவிட்டது. அதன்மேல் ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மற்ற படிவுகளிலிருந்து உப்பு இரண்டு விதத்தில் வேறுபடுகிறது.

ஒன்று, எடை. புதுச் சேறு தளதளவென்று இருக்கும், உள்ளே பாதிக்குப் பாதி தண்ணீர். புதையப் புதையத் தண்ணீர் பிழியப்பட்டு இறுகும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கன சென்டிமீட்டர் 2.4, 2.5 கிராம் என்று கனத்துவிடும். உப்பில் பிழிய எதுவும் இல்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஏறத்தாழ 2.16 கிராம்தான். ஆகவே மேலே உள்ள சேறு முதலில் உப்பைவிட லேசு; ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் புதைந்த பிறகுதான் உப்பைவிடக் கனம்.

இன்னொன்று, உப்பு ஊரும். கையில் எடுத்தால் கல். சுத்தியலால் தட்டினால் உடையும். அதே கல்லின் மேல் லட்சக்கணக்கான வருடம் பாரம் ஏற்றி வைத்தால், படிகத்துக்குள் அணுக்களின் வரிசை வழுக்கி வழுக்கி வடிவம் மாறும். உப்பு மணிகளுக்கு இடையில் சிக்கிய துளி உப்புநீர் இதைப் பல மடங்கு சுலபமாக்குகிறது. அழுத்தம் கூடிய பக்கத்தில் கரைந்து, குறைந்த பக்கத்தில் மறுபடி படிகிறது. எத்தனை வேகம் என்று கேட்டால், வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் வருடத்தில் அது ஒரு கிலோமீட்டர். பூமிக்குப் பத்து லட்சம் என்பது சில்லறை.

இந்த இரண்டையும் கேட்டவுடன் யாருக்கும் தோன்றுவது, தண்ணீருக்கு அடியில் எண்ணெயை விட்டால் குமிழாகக் கிளம்புமே, அதுதான். 1934-ல் நெட்டில்டன் என்ற அமெரிக்கர் இப்படித்தான் கனமான திரவத்தை மேலேயும் லேசான திரவத்தைக் கீழேயும் வைத்து மாதிரி செய்து காட்டினார். அழகாக இருந்தது. அந்த அழகிலேயே ஐம்பது வருடம் ஓடிவிட்டது. என் காலத்துப் பாடப்புத்தகங்களும் அதையே வரைந்தன. இவள் புத்தகமும் அங்கேதான் நிற்கிறது.

மேலே இருப்பது திரவம் இல்லையே, இறுகிய பாறை. சில நூறு மீட்டர் தடிமனுள்ள கூரையை, வெறும் மிதப்பை மட்டும் வைத்துக்கொண்டு உப்பால் முட்டி உடைத்துவிட முடியாது. இன்னொரு இடறலும் உண்டு. கூரைச் சேறு உப்பைவிட லேசாக இருக்கும் காலத்திலேயே பல இடங்களில் உப்பு நகரத் தொடங்கியிருக்கிறது. மிதப்புதான் காரணம் என்றால் அப்போது நகர்ந்திருக்கவே கூடாது.

இதை அவளுக்கு விளங்க வைத்தது களி. என் வீட்டுக்காரி சித்தூர் பக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது ராகிக் களி கிண்டாமல் அவளுக்குச் சரிப்படாது. அன்றும் தட்டில் உருண்டை ஆவி பறந்துகொண்டிருந்தது. கீரைக் கடைசல் ஊற்றுவதற்காக அண்ணன் மகள் நடுவில் கட்டைவிரலால் குழி பறித்தாள். "நிறுத்து, அப்படியே வை" என்றேன். குழியைச் சுற்றிக் களி வரம்பு கட்டியது போல எழும்பியிருந்தது. "இந்த வரம்பு ஏன் மேல வந்தது? லேசா இருக்கறதாலயா?"

"நான் அழுத்தினதால."

அவ்வளவுதான் விஷயம். ஒரு இடத்தில் பாரம் அதிகம், பக்கத்தில் பாரம் குறைவு. உப்பு பாரம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பிதுங்குகிறது. ஆற்று முகத்தில் டெல்டா வளரும்போது கட்டைவிரல் அங்கே வைக்கப்படுகிறது. சேறு உப்பைவிட லேசா கனமா என்பது அப்போதைக்கு அவ்வளவு முக்கியமில்லை. இங்கே எத்தனை, அங்கே எத்தனை என்ற வித்தியாசம் போதும். மிதப்பு கதைக்குள் வராமல் இல்லை. ஆழம் கூடிய பிறகு அதுவும் கை கொடுக்கும். முதல் தள்ளு அதனுடையது அல்ல, அவ்வளவே.

கூரையின் கதையும் அதே தட்டில் இருந்தது. பேசிப் பேசி இரண்டாவது உருண்டை ஆறிவிட்டது. மேலே தோல் கட்டிவிட்டது. இப்போது அழுத்தினால் வரம்பு அவ்வளவு லேசில் எழவில்லை. விரல் நுனியால் தோலை ஒரு இடத்தில் கீறிவிட்டு அழுத்தினேன். அந்தக் கீறலில் மட்டும் களி பிதுங்கியது. ("சாப்பாட்டை வெச்சு என்ன வெளையாட்டு" என்று வீட்டுக்காரி சொன்னதையும் பதிவு செய்கிறேன்.) 1992-ல் வாண்டவில், ஜாக்சன் என்ற இருவர் இதைச் சோதனைக்கூடத்தில் முறையாகச் செய்து காட்டினார்கள். கீழே உப்புக்குப் பதில் சிலிக்கோன் பசை, மேலே பாறைக்குப் பதில் மணல். முழுவதையும் பக்கவாட்டில் மெல்ல இழுத்தார்கள். மணல் கூரை பிளந்து மெலிந்த இடத்திலெல்லாம் பசை நுழைந்து எழுந்தது. இன்னும் இழுத்துக்கொண்டே போனபோது, நிரப்பப் பசை போதாமல் எழுந்த தூணே அகன்று உட்கார்ந்துவிட்டது. உப்பு கூரையை உடைக்கவில்லை. உடைந்த கூரையில் புகுந்துகொண்டது. துறையில் பலருடைய பார்வையைத் திருப்பிய வேலை அது.

இனி தலைப்புக்கு வருகிறேன். உப்புத் தூண்களைச் சைஸ்மிக் படத்தில் பார்த்தால் நாலைந்து கிலோமீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். இருபுறமும் அடுக்குகள் அதைத் தொட்டு வளைந்திருக்கும். இத்தனை பாறையையும் துளைத்துக்கொண்டா வந்தது என்று மலைப்பாக இருக்கும். உண்மையில் பெரும்பாலான தூண்கள் எதையும் துளைத்ததில்லை. எங்கள் தெருவில் பழைய வீடுகள் எல்லாம் ரோட்டைவிடப் பள்ளத்தில் இருக்கின்றன. வீடு இறங்கவில்லை, ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு ரோடு உயர்ந்தது. உப்பு விஷயம் இதைத் திருப்பிப் போட்டது. தூணின் தலை எப்போதும் கடல் தரையை ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் சேறு விழுகிறது, அதன் பாரத்தில் அடியிலுள்ள உப்பு தூணுக்குள் பிதுங்குகிறது, உப்பு விலகிய இடத்தில் சேறு இன்னும் இறங்குகிறது. தலை இருந்த மட்டத்திலேயே இருக்க, சுற்றியுள்ள ஊர்தான் தாழ்கிறது. கடைசியில் பார்ப்பவனுக்கு நாலு கிலோமீட்டர் தூண் தெரியும்.

பேசினின் வடிவத்தை உப்பு எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்குப் பதில் இந்தத் தாழ்வில் இருக்கிறது. சேறு விழுந்த பள்ளம் ஆழமாகிறது, ஆழமானதால் அடுத்த வெள்ளத்துச் சேறும் அங்கேயே விழுகிறது, மேலும் ஆழமாகிறது. இப்படிச் சில கிலோமீட்டர் முதல் சில பத்து கிலோமீட்டர் வரை அகலமுள்ள கிண்ணங்கள் உண்டாகும். மினிபேசின் என்பார்கள். மெக்ஸிகோ வளைகுடாவின் வடக்குச் சரிவில் கடல் தரைப் படத்தைப் பாருங்கள். பணியாரக் கல்லைக் கவனமில்லாமல் வார்த்தது போலக் குழியும் மேடுமாக இருக்கும். குழி ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம், மேடு ஒவ்வொன்றும் உப்பு. எண்ணெய் தங்கக்கூடிய மணல் எந்தக் கிண்ணத்தில் நிரம்பி எதில் வழிந்தது என்பதையே அங்கே எண்ணெய் தேடுகிறவர்கள் வாழ்நாளெல்லாம் துரத்துகிறார்கள்.

கிண்ணம் இறங்கி இறங்கி அடியில் உப்பே தீர்ந்துவிட்டால் மேல் பாறையும் கீழ்ப் பாறையும் ஒட்டிக்கொள்ளும். 'வெல்ட்' என்று பெயர். பற்றவைத்த தையல் மாதிரி படத்தில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். நடுவில் தரை தட்டிவிட்ட கிண்ணத்துக்கு இரண்டு ஓரத்திலும் உப்பு இன்னும் பிதுங்கிப் போனால், ஓரங்கள் தாழ்ந்து நடு மட்டும் கவிழ்த்த ஓடு போல நிற்கும். இதற்கு ஆமை அமைப்பு என்று பெயர். ஒரு காலத்தில் பள்ளமாக இருந்த இடமே மேடாவதால் அங்கே நல்ல மணல் இருக்கும், எண்ணெய் தங்கவும் இடம் இருக்கும். எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்தது இந்த ஆமைதான்.

உப்பு, கடல் தரையில் வழிந்து பக்கவாட்டில் பரவுவதும் உண்டு. அதே மெக்ஸிகோ வளைகுடாவில், டைனோசர் காலத்து, 16 கோடி வருடப் பழமையான உப்பு, நேற்றுப் படிந்தது போன்ற இளம் படிவுகளின் மேல் பந்தல் போட்டது போலக் கிடக்கிறது. உப்பைத் தொட்டால் துளையை நிறுத்து, அதற்குக் கீழே என்ன இருக்கப் போகிறது என்றிருந்த தொழில், 1993-ல் மஹோகனி என்ற இடத்தில் உப்புக்கு அடியில் எண்ணெய் கிடைத்ததும் மனம் மாறியது. 2006-ல் பிரேசிலின் சான்டோஸ் பேசினில், 2,000 மீட்டருக்கு மேல் கடல், அதற்கு அடியில் படிவுகள், அதற்கும் அடியில் சுமார் இரண்டு கிலோமீட்டர் உப்பு, அதையும் தாண்டித் துளைத்தபோது டூபி என்ற பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. உப்பு அங்கே மூடியாக மட்டும் வேலை செய்யவில்லை. சேறு இறுகி உண்டாகும் ஷேல் பாறையைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதால், அடியிலுள்ள சூட்டை மேலே இழுத்து விட்டுவிடுகிறது. கீழே எண்ணெய் கருகாமல் பிழைத்ததில் அதற்கும் பங்குண்டு.

உப்பை நேரில் ஓடப் பார்க்க வேண்டுமென்றால் ஈரானின் தெற்கே ஜாக்ரோஸ் மலைகள். ஐம்பது கோடி வருடத்துக்கும் முந்திய ஹோர்முஸ் உப்பு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மலையைப் பிளந்து வெளியே வந்திருக்கிறது. சில இடங்களில் பனியாறு போல மலைச்சரிவில் இறங்குகிறது. கூஹ்-ஏ-நமக் என்ற மலையில் டால்பட், ரோஜர்ஸ் இருவரும் குறிகள் நட்டு அளந்து 1980-ல் எழுதினார்கள். காய்ந்த நாட்களில் ஓட்டம் தெரியவில்லை; மழை நனைத்த பிறகு ஒரு நாளைக்கு அரை மீட்டர் வரை. துளித் தண்ணீர் உப்பை ஊர வைக்கும் என்று மேலே சொன்னதற்கு இதைவிடக் கண்ணெதிரே சாட்சி வேண்டாம். அந்த மலையின் பெயரிலேயே நமக் இருக்கிறது. வடக்கே அது நமக், நம்மிடம் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே உப்பு. எல்லை ஊரான தடாவின் கடைப் பலகைகளில் எழுத்துதான் மாறும்.

நம் சமையலறைக்கு வரும் இந்துப்பும் இந்தக் கூட்டம்தான். 2025-ல் இறக்குமதி நிற்கும் வரை அதிகம் வந்தது பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து. இமயமலை தெற்கே தள்ளும் தள்ளில் அங்கே ஒரு பீடபூமி முழுவதும் அடியிலுள்ள உப்பின் மேல் வழுக்கி முன்னே வந்து நிற்கிறது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தோசை நகர்வது போல, அதிகம் நொறுங்காமல் மடங்காமல். அதன் தென்முனைதான் உப்பு மலைத்தொடர். இங்கே உப்பு தூணாக எழவில்லை, வழுக்குப் பலகையாக இருந்திருக்கிறது. உப்பு என்றாலே குவிமாடம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

இப்போது என் மானம் போன கதை. சைஸ்மிக் படத்தில் செங்குத்து அளவு ஆழமில்லை, ஒலி போய்த் திரும்பும் நேரம். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு உப்புத் திரளுக்கு நேர் அடியில் அடுக்குகள் அழகாக மேடிட்டிருப்பதைப் பார்த்தேன். எண்ணெய் தங்க அற்புதமான இடம் என்று வண்ணம் தீட்டி, எல்லார் முன்னாலும் விரித்து வைத்தேன். மூத்தவர் ஒருவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டார். உப்பில் ஒலி விநாடிக்குச் சுமார் 4,500 மீட்டர் ஓடும். பக்கத்துப் படிவில் 3,000 என்று வை. உப்பு இரண்டு கிலோமீட்டர் தடிமன். உப்புக்குள் போய் வர 0.89 விநாடி, பக்கத்தில் 1.33 விநாடி. வித்தியாசம் 0.44 விநாடி. நான் வண்ணம் தீட்டிய மேட்டின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். கீழே அடுக்கு தட்டையாகத்தான் கிடந்தது. உப்பைத் தாண்டி வந்த ஒலி சீக்கிரம் வந்துவிட்டதால் மேடு போலத் தெரிந்தது. கண்ணாடித் தம்ளர் தண்ணீருக்குள் ஸ்பூன் வளைந்து தெரிவதைப் பார்த்து, ஸ்பூனை நிமிர்த்தக் கிளம்பின மாதிரி ஆகிவிட்டது என் நிலை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பென்சிலைக் கீழே வைத்தார். அது இன்னும் வலிக்கிறது.

கடைசிக் கேள்வி, நம் கடல். சுருக்கமாகச் சொன்னால், இல்லை. நெல்லூர் முதல் நாகப்பட்டினம் வரை நம் கரையோரத்தில் உப்புத் தூண் எழுப்பும் தடித்த படுகை கிடையாது. காவிரிப் படுகையிலும் இல்லை, கிருஷ்ணா கோதாவரியிலும் இல்லை. இந்தியாவில் புதைந்த உப்பு வேண்டுமென்றால் ராஜஸ்தானில் கங்காநகர், பிகானேர் பக்கம் பூமிக்கடியில், அல்லது இமாச்சலத்தில் மண்டிக்குப் பக்கம். அதனால்தான் விசாகப்பட்டினத்தில் நாட்டின் அவசரத் தேவைக்கான கச்சா எண்ணெயைச் சேமிக்கக் கடும்பாறையைக் குடைய வேண்டியிருந்தது. அமெரிக்கா அதே வேலைக்கு லூசியானா, டெக்சாஸ் உப்புக் குவிமாடங்களுக்குள் தண்ணீரைப் பாய்ச்சி, உப்பைக் கரைத்துக் குகை செய்துகொண்டது.

ஆனால் கிருஷ்ணா கோதாவரிக் கடலில் உப்பு போல நடிக்கும் ஒன்று இருக்கிறது. ஆறுகள் வேகமாகக் கொட்டிய சேற்றுக்குள் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டால், அந்த ஷேல் இறுகாது. உள்ளிருக்கும் தண்ணீரே மேல் பாரத்தைத் தாங்கும். அப்போது அதுவும் களி போலப் பிதுங்கி எழும். தூண் உண்டு, சுற்றிலும் கிண்ணம் உண்டு, கரைப் பக்கம் வளைந்து இறங்கும் பிளவுகளும் உண்டு. படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் மெக்ஸிகோ வளைகுடாவா என்று தோன்றும். வேகத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உப்பில் ஒலி பாய்ந்து ஓடும். தண்ணீர் மாட்டிய ஷேலில் சுற்றியுள்ள பாறையைவிட மெதுவாகப் போகும். ஆகவே உப்புக்கு அடியில் அடுக்குகள் மேலே தூக்கிக் காட்டும், இந்த ஷேலுக்கு அடியில் கீழே தொங்கிக் காட்டும். ஈர்ப்பு அளவை மட்டும் வைத்துச் சொல்லப் போனால் ஏமாறலாம், இரண்டும் சுற்றுப்புறத்தைவிட லேசாகவே இருக்கும்.

காலேஜில் அவளுக்கு ப்ராஜெக்டுக்கு கிருஷ்ணா கோதாவரிக் கடலின் சைஸ்மிக் படம் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். வண்ணப் பென்சிலைத் தொடும் முன் வேக அட்டவணையைக் கேட்டு வாங்கு என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.